ஏட்டைக் காத்த கைகள்

பூமியின் வயிற்றில் பொன் கட்டி கட்டியாகக் கிடைப்பதில்லை. ஒரு டன் பாறையை உடைத்து, அரைத்து, மாவாக்கி, இரசாயனத்தில் கரைத்து எடுத்தால் சில கிராம் பொன் கிடைக்கும். கர்நாடக மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில், ஆந்திர, தமிழக எல்லைகளுக்கு அருகில் உள்ள கோலார் தங்கவயல் இந்த உண்மையை 120 ஆண்டுகள் கண்ணெதிரே கண்ட ஊர். 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் அங்கே சுரங்கப் பணியைத் தொடங்கியது. வட ஆற்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து தமிழ் பேசும் ஏழை மக்கள் ஆயிரக்கணக்கில் அங்கே வந்து சேர்ந்தார்கள். அவர்களுள் பெரும்பாலோர் சமுதாயம் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கி வைத்த மக்கள்.

மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப்ஸ், உரிகம் என்ற இடங்களில் மூங்கில் தட்டி வீடுகளில் அவர்கள் குடியிருந்தார்கள். 1902-இல் காவிரியின் சிவனசமுத்திர அருவியிலிருந்து மின்சாரம் அங்கே வந்தது. பெருநகரங்கள் பலவும் எண்ணெய் விளக்கில் இருந்த காலத்தில் தங்கவயல் மின்னொளியில் திகழ்ந்தது. ஆனால் அந்தத் தொழிலாளர்கள் பகற்பொழுதைக் கழித்தது நிலத்தடி இருளில். சுரங்கம் காலப்போக்கில் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்திற்குச் சென்றது. பாறை வெடித்து மாண்டவர்கள் பலர். கல்தூசியைச் சுவாசித்து நுரையீரல் கெட்டு மாய்ந்தவர்கள் பலர். அவர்கள் வெளிக்கொணர்ந்த பொன் 800 டன்னுக்கும் மேல். அதில் ஒரு குன்றிமணியும் அவர்களுக்கு உரியதன்று.

ஆயினும் அந்த மக்களின் கையில் வேறொரு செல்வம் இருந்தது. அது யாரும் அவர்களுக்குக் கொடுத்ததன்று. கொடுக்க வேண்டியவர்கள் மறுத்ததும்கூட. அந்தச் செல்வத்தை அவர்கள் எவ்வாறு பெற்றார்கள், எவ்வாறு காத்தார்கள், எவ்வாறு பிறர்க்கு அளித்தார்கள் என்று எண்ணிப் பார்த்தால், சாஸ்திரங்களைக் காக்கும் திருவருள் எவ்வாறு செயல்படுகிறது என்பது சிறிது விளங்கும்.

கறையான் விட்டுவைத்தது

தில்லைத் திருக்கோயிலில் பூட்டிய அறையொன்றில் மூவர் பாடிய ஏடுகள் கிடந்தன. சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் அறையைத் திறந்தபோது அவை கறையான் புற்றால் மூடப்பட்டிருந்தன. எண்ணெய் வார்த்துப் புற்றை அகற்றியபோது பெரும்பகுதி அழிந்திருந்தது. மன்னன் மனம் கலங்கினான். அப்போது இக்காலத்திற்கு வேண்டியவை மட்டும் எஞ்சியிருக்கின்றன என்று ஓர் அருள்வாக்கு எழுந்தது. திருமுறை கண்ட புராணம் கூறும் இந்த வரலாற்றைத் தமிழ் மக்கள் நன்கு அறிவர்.

பக்தனின் உள்ளத்திற்கு இந்த வரலாறு ஆறுதல் தருகிறது. ஆனால் சிந்திப்பவனின் உள்ளத்தில் ஒரு கேள்வி எழாமல் இருக்காது. குண்டலகேசி போயிற்று, வளையாபதி போயிற்று, அவற்றின் சில செய்யுள்களே மிஞ்சின. அவையெல்லாம் வேண்டாதவை என்றா திருவருள் கைவிட்டது? புத்தர்பிரானின் அறம் பிறந்த நாட்டிலேயே மறைந்துபோனதே, அது யாருக்கும் வேண்டாததாகவா போயிற்று?

இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டு இறையருளைப் பற்றிப் பேசுவது எளிது, ஆனால் நேர்மையன்று. இறைவன் கறையானைத் தடுத்து நிறுத்துவதில்லை. நெருப்பின் சூட்டைக் குறைப்பதுமில்லை. ஓலை ஓலையாகவே இருக்கிறது. மட்கும் காலத்தில் மட்குகிறது. அப்படியானால் அருள் எங்கே செயல்படுகிறது?

இரண்டு சமையலறைகள்

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் எல்லிஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி இருந்தார். தமிழில் ஆழ்ந்த புலமை உடையவர். திருக்குறளில் ஈடுபட்டு அதன் ஒரு பகுதிக்கு ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பும் விளக்கமும் எழுதியவர். திருவள்ளுவர் உருவம் பொறித்த பொற்காசு ஒன்று அவர் வெளியிட்டது என்று கருதப்படுகிறது. அவர் வாழ்ந்த காலத்தில், 1812-இல், திருக்குறள் மூலம் முதன்முறையாக அச்சில் வந்தது.

அந்நாளில் ஆரிங்டன் என்ற ஆங்கிலேயர் ஒருவரின் இல்லத்தில் கந்தப்பன் என்பவர் பட்லராகப் பணிபுரிந்தார். பிறப்பால் ஒடுக்கப்பட்டவர். தம் குடும்பத்தில் வழிவழியாக வந்த திருக்குறள், நாலடியார் ஓலைச்சுவடிகளைத் தம் துரையின் வாயிலாக அவர் எல்லிஸிடம் சேர்ப்பித்தார். இதைப் பதிவு செய்தவர் கந்தப்பனின் பேரர் அயோத்திதாச பண்டிதர். தம் குடும்ப மரபாக அவர் இதை எழுதிவைத்தார். திருக்குறளுக்கு வேறு ஏடுகளும் நாட்டில் இருந்தன. அதற்கு முன்பே 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் அதன் முதல் இரண்டு பால்களை இலத்தீனில் பெயர்த்திருந்தார். ஆகையால் குறள் ஒரு பட்லரால் மட்டுமே பிழைத்தது என்று யாரும் கூறத் தேவையில்லை. ஆனால் ஒன்று சிந்திக்கத்தக்கது. கோயிலுக்குள்ளும் பாடசாலைக்குள்ளும் இடம் மறுக்கப்பட்ட ஒரு குடும்பம், தன் ஏழ்மையிலும் ஏட்டைக் கைவிடவில்லை. அந்த ஏட்டின் மதிப்பு இன்னது என்று அக்குடும்பம் அறிந்திருந்தது.

இனி மற்றொரு சமையலறை. 1819-இல் இராமநாதபுரத்தில் எல்லிஸ் காலமானார். நாற்பது வயது நிறைந்த பிறகே நூல் வெளியிடுவது என்று அவர் உறுதி பூண்டிருந்ததாகச் சொல்வார்கள். அதனால் அவருடைய ஆராய்ச்சிகளிற் பல கையெழுத்துப் படிகளாகவே தங்கிவிட்டன. அந்தக் காகிதங்கள் மதுரையில் ஓர் அதிகாரியின் இல்லத்தில் கேட்பாரற்றுக் கிடந்தன என்றும், அவ்வீட்டுச் சமையற்காரர் பல மாதங்கள் அவற்றைக் கொண்டு அடுப்பு மூட்டினார் என்றும், சர் வால்டர் எலியட் என்ற அறிஞர் பின்னாளில் பதிவு செய்திருக்கிறார்.

இரண்டு வீடுகளும் ஆங்கிலேயருடையவை. இரண்டிலும் எழுத்து, பணியாளர் ஒருவரின் கைக்கு எட்டும் தொலைவில் இருந்தது. ஓரிடத்தில் அது அச்சேறும் வழிக்குச் சென்றது, மற்றோரிடத்தில் சாம்பலாயிற்று. அந்தச் சமையற்காரரைக் குறை கூற நியாயமில்லை. அந்தக் காகிதம் என்னவென்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அறிந்திருந்த அதிகாரியோ கவனிக்கவில்லை.

இங்கேதான் அருள் செயல்படும் இடம் தென்படுகிறது. அது ஓலையில் செயல்படுவதில்லை, உள்ளத்தில் செயல்படுகிறது. இதை எறிந்துவிட என்னால் முடியாது என்ற உணர்வு ஒருவரின் நெஞ்சில் எழுகிறதே, அந்த உணர்வே சாஸ்திரத்தைக் காக்கும் திருவருளின் கை. அது எழுந்த இடத்தில் ஏடு பிழைக்கிறது. எழாத இடத்தில், எத்தனை பெரிய மாளிகையாயினும், ஏடு அடுப்பிற்குப் போகிறது. அவ்வுணர்வு எழுவதற்குக் குலமோ செல்வமோ அதிகாரமோ தேவையாக இருந்ததில்லை.

அடைபட்ட கதவு

கந்தப்பனின் பேரர் 1845-இல் பிறந்தார். இயற்பெயர் காத்தவராயன். தமக்குக் கல்வி அளித்த ஆசிரியரின் பெயரையே நன்றியுடன் தமக்குச் சூட்டிக்கொண்டு அயோத்திதாசர் ஆனார். தமிழ் இலக்கியத்திலும் சித்த மருத்துவத்திலும் தேர்ந்தவர். 1870-களில் அவர் நீலகிரியில் அத்வைதானந்த சபை என்ற அமைப்பைத் தோற்றுவித்தார் என்பது வேதாந்த அன்பர்கள் பலர் அறியாத செய்தி. எல்லா உயிரிலும் ஒரே பரம்பொருள் உறைகிறது என்ற தத்துவத்தைத்தான் அவர் முதலில் பற்றினார்.

1892-இல் சென்னை மகாஜன சபை கூட்டிய மாநாட்டில் நீலகிரியின் சார்பில் அவர் கலந்துகொண்டார். ஒடுக்கப்பட்ட மக்களும் சிவன், திருமால் கோயில்களுக்குள் சென்று வழிபட இடமளிக்க வேண்டும் என்று கேட்டார். அவையில் எதிர்ப்புக் குரல் எழுந்தது; கோரிக்கை மறுக்கப்பட்டது. உங்களுக்கு வேறு தெய்வங்கள் இருக்கின்றனவே என்ற பொருளில் அங்கே விடை கூறப்பட்டதை அவரே எழுதியிருக்கிறார்.

அத்வைதம் பேசியவர்கள் அத்வைதிக்கே கதவடைத்தார்கள். இந்த நிகழ்ச்சியைப் படிக்கும்போது சமய அன்பர்கள் தலைகுனிவதே பொருத்தம். சாஸ்திரம் நம் கையில் இருக்கிறது என்று பெருமைப்படுகிறவர்கள், அதன் பொருள் தம் கையை விட்டு நழுவிய நாட்களையும் நினைவில் வைக்க வேண்டும். ஏட்டை வைத்திருப்பது வேறு. ஏடு சொல்வதைக் காப்பது வேறு. அந்த மாநாட்டு நாளில் வேதாந்தத்தின் பொருளைக் காத்து நின்றவர் அவையில் கேள்வி கேட்டவரே.

கதவு அடைபட்டபின் அவர் வேறு வழி தேடினார். 1898-இல் கர்னல் ஆல்காட்டின் துணையுடன் இலங்கை சென்று, கொழும்பு வித்தியோதய பிரிவேனாவின் தலைவரான சுமங்கல மகாதேரரிடம் பஞ்சசீலம் ஏற்றார். சென்னைக்குத் திரும்பிச் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். அதே 1898-இல்தான் உ.வே.சாமிநாதையர் மணிமேகலையைப் பதிப்பித்து வெளியிட்டார். ஒருவர் மற்றவரோடு கலந்து பேசி இதைச் செய்யவில்லை. தமிழகம் மறந்துபோன புத்த தருமம், ஒரே ஆண்டில், ஏட்டின் வழியாகவும் ஒரு மனிதரின் வழியாகவும் திரும்பி வந்தது. இதைத் தற்செயல் என்பார் உளர். அருளின் ஏற்பாடு என்று கைகூப்புவாரும் உளர்.

பசியிலும் நழுவாத மறை

இலங்கையில் அவருக்கு ஓதுவிக்கப்பட்ட அந்தச் சில பாலி வாக்கியங்கள் 2,000 ஆண்டுகளைக் கடந்து வந்தவை. அவை வந்த வழியைச் சற்றே நினைவுகூர்வது தகும்.

கி.மு. முதல் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் காலத்தில், இலங்கையைப் படையெடுப்பும் கொடும் பஞ்சமும் வாட்டின. அதுவரை திரிபிடகம் ஏட்டில் எழுதப்படவில்லை. பிக்குகளின் நினைவில் மட்டுமே வாழ்ந்தது. பிக்கு ஒருவர் இறந்தால் அவரோடு மறையின் ஒரு பகுதியும் இறந்துவிடும். வேரையும் இலையையும் உண்டு உயிர்தாங்கிய பிக்குகள், அமர்ந்து ஓத வலுவில்லாதபோது மணல்மேட்டில் தலையோடு தலை சேர்த்துப் படுத்தபடியே ஓதி மறையைக் காத்தார்கள் என்று பழைய உரைநூல்கள் கூறுகின்றன. அதன்பின் மாத்தளைக்கு அருகிலுள்ள அளுவிகாரையில் அது ஏட்டில் எழுதப்பட்டது என்பது மரபு.

அக்காலத்தில் நிகழ்ந்த மற்றொன்றையும் அவ்வுரைகள் மறைக்காமல் சொல்கின்றன. மகாநித்தேசம் என்ற நூலை முழுவதும் அறிந்தவர் ஒரே ஒரு பிக்குதான் எஞ்சியிருந்தார். அவரோ ஒழுக்கம் குன்றியவர். அவரிடம் சென்று கற்க ஒரு தேரர் தயங்கினார். அவருடைய ஆசிரியர் வற்புறுத்தி, தாமும் உடன் அமர்வதாகக் கூறி அனுப்பிவைத்தார். தேரர் இரவு பகலாகக் கற்று முடித்தார். கடைசி நாளில் அந்தப் பிக்குவின் குற்றம் கண்ணெதிரே வெளிப்பட்டது. முன்பே உறுதியாக அறிந்திருந்தால் கற்றிருக்க மாட்டேன் என்று தேரர் வருந்தினார். ஆனால் அதற்குள் நூல் பிழைத்துவிட்டது.

அருள் தனக்கு வேண்டிய பாத்திரத்தைத் தேடும்போது மனிதர் வகுத்த தகுதிப் பட்டியலைப் பார்ப்பதில்லை. ஒழுக்கம் குன்றியவரின் நினைவும் அதற்கு ஒரு பேழை. அவ்வாறிருக்க, மாசற்ற எளியோரின் குடிசையை அது புறக்கணிக்குமா?

மாரிக்குப்பத்து நூற்கூடம்

1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ என்ற வார இதழை அயோத்திதாசர் தொடங்கினார். அடுத்த ஆண்டில் அது ‘தமிழன்’ என்று பெயர் பெற்றது. அதன் உறுதியான வாசகர்கள் தங்கவயலில் இருந்தார்கள். மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃப்ஸிலும் பௌத்த சங்கங்கள் அமைந்தன. எழுத்தறிந்த ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் சுற்றி அமர்ந்து கேட்பது அக்காலத்து வழக்கம். நாள் முழுதும் பாறை குடைந்த கையோடு வந்து அமர்ந்து, பற்று, துன்பம், நல்வாய்மை என்ற சொற்களுக்குச் செவி சாய்த்த அந்த மக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். நல்ல வெளிச்சத்தில், நல்ல தாளில், நல்ல நாற்காலியில் அமர்ந்து படிக்க வாய்ப்புள்ளவர்கள் சிறப்பாக எண்ணிப் பார்க்க வேண்டும்.

1912-இல் அயோத்திதாசரின் பெருநூலாகிய ‘புத்தரது ஆதிவேதம்’ வெளிவந்தது. புத்தரின் வாழ்வையும் போதனையையும் தமிழ் நூல்களின் சான்றோடு தமிழில் வடித்துத் தரும் நூல் அது. அதில் அவர் கூறும் வரலாற்று முடிவுகள் பலவற்றை ஆராய்ச்சியாளர் எல்லோரும் ஒப்புவதில்லை. ஆனால், அறநூல் ஒடுக்கப்பட்டவனுக்கு அயல் பொருளன்று, அவன் முன்னோர் வைத்துச் சென்ற உடைமை என்ற உறுதியோடு அது எழுதப்பட்டது. அதைக் கையில் எடுத்த தொழிலாளி, பிறருடைய நூலை இரவல் வாங்கிப் படிப்பதாக உணரவில்லை.

1914 மே 5 அன்று பண்டிதர் காலமானார். சில காலத்தில் ‘தமிழன்’ நின்றது. அந்த நிலையில் எல்லாம் முடிந்திருக்கக்கூடும். முடியவில்லை. தங்கவயலின் சித்தார்த்த புத்தகசாலை அவருடைய நூல்களை மீண்டும் மீண்டும் அச்சிட்டு வந்தது. பண்டிதமணி ஜி. அப்பாதுரையார் 1926-இல் ‘தமிழன்’ இதழைத் தங்கவயலிலிருந்தே மீண்டும் கொணர்ந்தார். புத்தரின் போதனையை எளிய தமிழில் தரும் ‘புத்தரது அருளறம்’ என்ற நூலையும் அவர் எழுதி அளித்தார். மடாதிபதியின் கருவூலமோ மன்னரின் மானியமோ இதற்குத் துணை நிற்கவில்லை. அன்றாடம் உயிரைப் பணயம் வைத்துக் கூலி பெற்றவர்களின் காசு துணை நின்றது.

அந்த மக்கள் இதை இறையருள் என்று அழைத்திருக்க மாட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். படைப்புக் கடவுளைப் பற்றிப் புத்தர் பேசவில்லை. அவர் வழி நின்றவர்களும் பேசவில்லை. தம் முயற்சி என்றும், அறத்தின் ஆற்றல் என்றும் அவர்கள் கூறியிருப்பார்கள். அச்சொல்லை மாற்ற யாருக்கும் உரிமையில்லை. ஒருவர் அறம் என்றதையே மற்றொருவர் அருள் என்று வணங்கலாம். ஆனால் வணங்கும்போது, உழைத்தவரின் உழைப்பைத் தெய்வத்தின் கணக்கில் எழுதி அவரை மறந்துவிடக் கூடாது. அருளைப் பற்றிய பேச்சு மனிதனின் வியர்வையை மறைக்குமானால் அது பக்தியாகாது.

மொழிபெயர்ப்பு என்னும் அவதாரம்

காப்பது மட்டும் போதாது. புரியாத மொழியில் காக்கப்பட்ட மறை, பாறைக்குள் இருக்கும் பொன்னைப் போன்றது. இருக்கிறது; ஆனால் யாருக்கும் பயன்படுவதில்லை. அதை வெளிக்கொணர்ந்து மக்கள் மொழியில் உருக்கி வார்ப்பவன் மொழிபெயர்ப்பாளன்.

ஐந்தாம் நூற்றாண்டில் புத்தகோசர் அனுராதபுரத்து மகாவிகாரைக்குச் சென்று, சிங்களத்தில் இருந்த உரைகளைப் பாலியில் பெயர்த்தார். காஞ்சிபுரத்தில் தாம் தங்கியிருந்ததை அவரே குறிப்பிடுகிறார். ஆகவே இந்தப் பணியில் தமிழ் மண்ணுக்கும் ஓர் உறவு உண்டு. மகாவிகாரைப் பிக்குகள் அவரைச் சோதிக்க விரும்பினார்கள். அவர் விசுத்திமார்க்கம் என்ற நூலை எழுதி முடித்ததும் தேவர்கள் அந்தச் சுவடியை மறைத்தார்களாம். இரண்டாம் முறை எழுதினார், அதையும் மறைத்தார்களாம். மூன்றாம் முறை எழுதியபோது முந்தைய இரண்டையும் திருப்பித் தந்தார்களாம். ஒப்பிட்டுப் பார்த்தபோது மூன்றிலும் ஓர் எழுத்தும் மாறவில்லை என்று மரபு கூறுகிறது.

இது வரலாறா, கதையா என்ற ஆராய்ச்சி ஒருபுறம் இருக்கட்டும். இதன் உட்பொருள் மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொருவருக்கும் உரியது. தேவர்களே தன் உழைப்பைப் பறித்தாலும் அவன் மீண்டும் அமர்கிறான். தன் புகழுக்காக எழுதியிருந்தால் மூன்று படிகளும் மூன்று விதமாக இருந்திருக்கும். தன்னை விலக்கி எழுதியதால் மூன்றும் ஒன்றாக இருந்தன. மொழிபெயர்ப்பு ஒரு சாதனை என்று சான்றோர் சொல்வதன் பொருள் இதுவே. அகங்காரம் ஒதுங்குமளவுக்கு மறை வழிந்தோடுகிறது.

1897 பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் சென்னையில் ஆற்றிய சொற்பொழிவு ஒன்றில் இதைத்தான் முதற்கடமையாக வலியுறுத்தினார். மடங்களிலும் காடுகளிலும் சிலர் கையில் மட்டும் அடைந்து கிடக்கும் ஆன்மிகச் செல்வத்தை வெளியே கொணர வேண்டும். கைகளிலிருந்து மட்டுமன்றி, அதை மறைத்து நிற்கும் கடின மொழியிலிருந்தும் அதை விடுவித்து, மக்கள் பேசும் மொழியில் எல்லோருக்கும் தர வேண்டும் என்பது அவர் கருத்து. அவர் பேசிய அதே சென்னையில், அடுத்த ஆண்டே, ஒடுக்கப்பட்ட மக்களிடையே ஒருவர் அவ்வகைப் பணியைத் தம் வழியில் தொடங்கிவிட்டார். வழிகள் வேறு, நோக்கில் ஓர் ஒற்றுமை உண்டு. இறைவன் மனித உருவெடுத்து எளியோரிடையே இறங்கி வருவதை அவதாரம் என்கிறோம். மறை எளியோரின் மொழிக்கு இறங்கி வருவதையும் அவ்வாறே அழைக்கலாம்.

சுரங்கம் மூடிய பின்

2001 பிப்ரவரி 28 அன்று தங்கவயலின் சுரங்கங்கள் மூடப்பட்டன. பொன் எடுக்கும் செலவு பொன்னின் விலையை மிஞ்சியிருந்தது. இன்று அங்கே செல்பவர்கள், அரைத்த பாறைத்தூள் குவிந்து உருவான சயனைடு மண்மேடுகளைக் காணலாம். எடுத்த பொன் உலகெங்கும் போய்விட்டது. அதை எடுத்தவர்களின் மக்கள் வேலை தேடி விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குச் சென்று இரவில் திரும்பினார்கள்.

ஆனால் அந்த மற்றச் செல்வம்? அதற்கும் ஒரு நெருக்கடி வந்தது. ‘தமிழன்’ இதழ்கள் காலப்போக்கில் அரிதாயின. பெரிய நூலகங்களும் பண்டிதரை மறந்தன. ஆயினும் அன்பு பொன்னோவியம் போன்ற சிலர், பழுப்பேறிப் பொடியும் நிலையில் இருந்த அந்த இதழ்களைத் தம் வீடுகளில் காத்து வந்தார்கள். பல்லாண்டுகள் அவற்றை யாரும் கேட்டு வரவில்லை. கேட்காதபோதும் அவர்கள் எறியவில்லை. 1999-இல் ஞான அலாய்சியஸ் தொகுக்க, பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ என்ற தொகுதிகளை வெளியிடத் தொடங்கியது. அதன்பின் அறிஞர் உலகம் அவரை மீண்டும் கண்டது.

இந்தச் சங்கிலியின் கண்ணிகளைச் சற்று எண்ணிப் பார்ப்போம். வள்ளுவரின் ஏடு ஒரு பட்லரின் வீட்டில் இருந்தது. ஓர் ஆங்கிலேயரிடம் சென்றது. பட்லரின் பேரர் வேதாந்தத்தில் தொடங்கிப் பௌத்தத்தில் நிறைவு கண்டார். அவருக்கு வழித்துணை ஓர் அமெரிக்கர். சீலம் அளித்தவர் ஒரு சிங்களத் துறவி. நூல்களைத் தாங்கியவர்கள் சுரங்கத் தொழிலாளிகள். மீண்டும் உலகுக்குத் தந்தது ஒரு கிறித்தவக் கல்லூரி. இவர்களுள் ஒருவரும் முழுத் திட்டத்தையும் அறிந்திருக்கவில்லை. தம் கைக்கு வந்ததை எறியாமல் அடுத்த கைக்குக் கொடுத்தார்கள். எந்தச் சமயமும் இதைத் தன் வெற்றி என்று உரிமை கொண்டாட முடியாது. அருளின் கைவண்ணத்திற்கு அதுவே அடையாளம் போலும்.

நம் வீட்டுப் பரணில்

எஞ்சியிருப்பவற்றைப் பார்த்து அருள் காத்தது என்று மகிழலாம். அழிந்தவற்றைப் பார்க்கும்போது என்ன சொல்வது? அருள் தவறவில்லை; அது நீட்டிய பொருளைப் பற்றிக்கொள்ளும் கை அங்கே இல்லாமல் போயிற்று. குண்டலகேசியின் கடைசி ஏடு ஏதோ ஒரு வீட்டில், ஏதோ ஒரு நாளில், இது எதற்கு என்ற கேள்வியோடு வெளியே எறியப்பட்டிருக்கலாம். எறிந்தவர் கொடியவர் அல்லர். அவருக்கு யாரும் அதன் மதிப்பைச் சொல்லியிருக்கமாட்டார்கள்.

ஆகவே சாஸ்திரத்தை இறைவன் காப்பான் என்ற நம்பிக்கை ஒரு தலையணையன்று, சாய்ந்து உறங்குவதற்கு. அது ஒரு கட்டளை. பாட்டனார் ஓதிய பழைய புத்தகம் பரணில் இருக்கலாம். அதைத் தூசி தட்டி ஒரு பக்கமேனும் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டலாம். பாட்டி பாடும் பாட்டு எந்த நூலிலும் இல்லாததாக இருக்கலாம்; அதை எழுதி வைக்கலாம். வீட்டில் பணிசெய்ய வருபவர் எழுத்தறியாதவராக இருந்தால் அவரையும் அருகில் அமர்த்தி, படிக்கும் நல்ல நூலின் பொருளைச் சொல்லலாம். அவருக்குச் சொல்லாமல் விட்ட வீட்டில்தான் எல்லிஸின் காகிதங்கள் எரிந்தன. இவருக்கு இது எதற்கு என்று எண்ணத் தோன்றும்போது கந்தப்பனை நினைத்துக்கொள்ளலாம்.

ஒரு டன் பாறையில் சில கிராம் பொன். நாள் முழுதும் கேட்கும் ஆயிரம் பேச்சுகளுக்கிடையே நெஞ்சில் தங்கும் ஒரு நல்வாக்கும் அப்படித்தான். அதைப் பிரித்தறியும் கண்ணையும், அறிந்தபின் நழுவவிடாத கையையும், கையில் இருப்பதை எவருக்கும் மறுக்காத நெஞ்சையும் அந்தப் பேரருள் நமக்கு அளிப்பதாக. நம்மிடம் வந்து சேர்ந்தது நம்மோடு நின்றுவிடாமல் அடுத்த கைக்குச் செல்வதாக.